அரசரின் நண்பர்கள்



வியாழக்கிழமை மாலைப் பூசைக்கு யார் யார் வருவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு. இது முழங்கால் வலியோடு வருகிற கூட்டம். கைத்தடியைப் பெஞ்சு ஓரம் சாய்த்துவிட்டு, அது விழுந்து சத்தம் போட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே செபிக்கிற கூட்டம். இன்று மறையுரை கொஞ்சம் நீளும். ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் நடுவில் எழுந்து போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சொல்லப்போகிற கதை உங்களைப் பற்றியது. முடிந்தால் இருங்கள்.

முதல் வாசகத்தில் மோதயின் என்ற சிற்றூருக்கு அரசாங்க ஆட்கள் வருகிறார்கள். யூதர்கள் தங்கள் திருச்சட்டத்தை விட்டுவிட்டு, மன்னன் அந்தியோக்கு வைத்த பீடத்தில் பலியிட வேண்டும் என்பது கட்டளை. கவனித்தீர்களா? அந்த ஊரில் இருந்த மத்தத்தியாவிடம் அவர்கள் வாளை நீட்டவில்லை. முதலில் புகழ்கிறார்கள். ஊர்ப் பெரியவர் என்கிறார்கள், பிள்ளைகளும் சுற்றமும் சூழ வாழ்கிறவர் என்கிறார்கள். அவர் ஒருவர் முதலில் செய்துவிட்டால் போதுமாம், ஊரே பின்னால் வந்துவிடுமாம். அதற்குப் பரிசாகப் பொன், வெள்ளி, கூடவே அரசரின் நண்பர் என்ற பெயர். அந்தக் காலத்துக் கிரேக்க அரசவைகளில் அது பேச்சுக்குச் சொல்லும் பெயர் அல்ல, முறையான பட்டம். அதற்கென்று மரியாதையும் வரிசையும் உண்டு.

நம் பக்கத்தில் அதற்குப் பெயர் பொன்னாடை. தேர்தல் நெருங்கினால் எல்லாக் கட்சிக்காரர்களும் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். முன் வரிசையில் உட்கார வைக்கிறோம். யார் பக்கத்தில் யார் நின்று போட்டோ எடுத்தார்கள் என்பது பங்கில் ஒரு வாரப் பேச்சு. அந்தப் போட்டோக்களில் நானும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மிரட்டினால் எதிர்த்து நிற்கத் தெரிந்த நமக்கு, புகழ்ந்தால் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

என்னைப் பழமைவாதி என்று சொல்கிறவர்கள் இந்தப் பங்கிலேயே உண்டு. நற்கருணையை முழந்தாளிட்டு வாங்குங்கள் என்கிறேன். கருவில் இருக்கும் பிள்ளையைக் கொல்வது பாவம் என்று சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பத்துக் கட்டளைகளுக்குச் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவர முடியாது என்கிறேன். சரி, பழமைவாதிதான். அதனால்தான் இன்று என்னைப் போன்ற ஒரு பழமைவாதியின் கதை. அவர் நிமிர்ந்து நின்ற இடத்தையும் சொல்வேன், நிற்காமல் போன இடத்தையும் சொல்வேன்.

கிளமென்ஸ் அவுகுஸ்ட் ஃபான் காலன். 1878-ல் ஜெர்மனியின் டிங்க்லாகே என்ற ஊரில், ஒரு பிரபுக் குடும்பத்தில், 13 பிள்ளைகளில் 11-ஆவதாகப் பிறந்தவர். ஆறரை அடிக்கு மேல் உயரம். 1904-ல் குருவானார். பெர்லினில் இருபது வருடங்களுக்கு மேல் பங்குப்பணி. பிறகு முன்ஸ்டர் நகரத்துக்குத் திரும்பி புனித லம்பேர்ட்டி கோவிலில் பங்குத்தந்தை. மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கடவுளை ஒதுக்கி வைத்துவிட்டு நாடு நடத்த முடியும் என்கிற எண்ணத்தைக் கொள்ளைநோய் என்று எழுதினார். தேசப்பற்று மிக்கவர். இடதுசாரிகளைக் கண்டால் ஆகாது. இன்றைக்கு டிவி விவாதத்தில் உட்கார வைத்தால் அவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டு ஜூலையில் அந்த அரசுக்கும் திருப்பீடத்துக்கும் உடன்படிக்கை ஆயிற்று. அதன்படி அரசுக்கு உறுதிமொழி கொடுத்துவிட்டு ஆயர் பொறுப்பேற்ற முதல் ஆள் காலன்தான். அந்த வருடம் அக்டோபரில் முன்ஸ்டர் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். அவர் தேர்ந்துகொண்ட விருதுவாக்கின் பொருள் இதுதான்: புகழ்ச்சிக்கும் மயங்குவதில்லை, அச்சத்துக்கும் அடங்குவதில்லை. மத்தத்தியாவிடம் வந்த ஆட்கள் கையில் வைத்திருந்த இரண்டு ஆயுதங்களும் அவைதானே!

அரசின் இன வெறிக் கொள்கை கிறிஸ்தவத்துக்கு எதிரானது என்று அவர் 1934-லேயே சுற்றுமடல் எழுதினார். 1936 நவம்பரில் அவர் மறைமாவட்டத்தின் ஓல்டன்பர்க் பகுதியில், பள்ளிக்கூடச் சுவர்களிலிருந்து சிலுவையைக் கழற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அங்கிருந்த விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். மூன்று வாரத்தில் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஹிட்லர் காலத்தில் இப்படி நடந்தது என்று நம்புவதற்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நடந்தது.

இப்போது உங்களைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன்.

1939 இலையுதிர் காலத்தில் ஹிட்லர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். குணமாகாத நோயாளிகளுக்கு இரக்க மரணம் அளிக்கலாம் என்று அதில் இருந்தது. மனநோயாளிகள், வலிப்பு நோயாளிகள், மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளைகள், முதுமையில் நினைவு தப்பியவர்கள் ஆகியோருக்குப் படிவம் நிரப்பப்பட்டது. இவரால் வேலை செய்ய முடியுமா என்று அதில் ஒரு கேள்வி. நோயாளியைப் பார்க்காமலே மருத்துவர்கள் அந்தத் தாளில் குறி போட்டார்கள். சாம்பல் நிறப் பேருந்துகள் வந்து ஏற்றிக்கொண்டு போயின. அந்தப் பேருந்து நிறுவனத்தின் பெயரில் பொதுநலம் என்ற சொல் இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் குளியலறை என்று சொல்லி உள்ளே அனுப்பினார்கள். குழாயில் வந்தது தண்ணீர் அல்ல, நச்சுவாயு. வீட்டுக்கு ஒரு கடிதம் போகும், மனமார்ந்த அனுதாபங்களோடு. என்றைக்கோ குடல்வாலை அறுத்து எடுத்துவிட்ட ஒருவர் குடல்வால் அழற்சியில் இறந்ததாகக்கூட ஒரு குடும்பத்துக்குக் கடிதம் வந்தது. 1941 ஆகஸ்ட் வரை அவர்களே எழுதி வைத்த கணக்கு 70,273 பேர்.

ஹடமார் என்ற ஊரில் இப்படி ஒரு நிலையம். லிம்பர்க் ஆயர் ஹில்ஃப்ரிஷ் நீதித்துறை அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார். அவர்களுக்கு அந்தப் பேருந்து எதற்கு வருகிறது என்று தெரியும். சண்டை போட்டால், உன்னை ஹடமார் அடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒருவரை ஒருவர் கேலி செய்தார்களாம். அதிகாரிகள் ரகசியம் என்று நினைத்தது பிள்ளைகளின் தெரு விளையாட்டில் இருந்தது.

ஒரு பொய் நடமாட எத்தனை நல்ல வார்த்தைகள் வேண்டியிருக்கின்றன, பாருங்கள். இரக்கம், பொதுநலம், குளியல், அனுதாபம். நாமும் இதைத் தமிழில் கருணைக்கொலை என்கிறோம். கருணையை முன்னால் நிறுத்திவிட்டால் கொலை அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஜெர்மனிக்குப் போவானேன்? நம்முடைய தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற சொல் உண்டு. படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, இளநீரும் கொடுத்துவிடுவார்கள். இரண்டொரு நாளில் காய்ச்சல் கண்டு முடிந்துவிடும். அதற்கும் பெயர் குளியல்தான். இங்கே உத்தரவு போட்ட சர்வாதிகாரி யாரும் இல்லை. வீட்டில் பெற்ற பிள்ளைகள்தான் இருந்தார்கள். சிலர் அழுதுகொண்டேதான் ஊற்றினார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

காலனுக்கு அந்தப் பேருந்துகளைப் பற்றிய செய்தி 1940 கோடையிலேயே தெரியும். வெளிப்படையாகப் பேசலாமா என்று ஆயர்களுக்குத் தலைவராக இருந்த கர்தினால் பெர்ட்ராமுக்கு எழுதினார். பொறுத்திருக்கச் சொல்லிப் பதில் வந்தது. பொறுத்திருந்தார், ஒரு வருடம். புனிதர்களின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இந்த ஒரு வருடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. அந்த ஒரு வருடத்தில் எத்தனை பேருந்துகள்? ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட மனிதர், மேலிடத்தின் சொல்லைத் தட்டாதவர். பழமைவாதிகளான நம்முடைய நல்ல குணமே சில சமயம் நம் வாயைக் கட்டிவிடுகிறது.

1941 ஜூலையில் முன்ஸ்டர்மேல் பிரிட்டிஷ் விமானங்கள் அடுத்தடுத்த இரவுகளில் குண்டு போட்டன. வீடுகள் இன்னும் புகைந்துகொண்டிருக்கும்போதே கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸ் மடங்களுக்குள் புகுந்து, துறவிகளையும் கன்னியரையும் வெளியே தள்ளிக் கட்டடங்களை எடுத்துக்கொண்டது. ஆயர் நேரே அங்கே போய், நீங்கள் திருடர்கள் என்று முகத்துக்கு எதிரே சொன்னார். மறுநாள் ஜூலை 13, ஞாயிறு. லம்பேர்ட்டி கோவிலில் பேசினார். அடுத்த ஞாயிறு இன்னொரு கோவிலில். அப்போது சொன்ன உவமை கொல்லன் பட்டறையிலிருந்து. நாம் சுத்தியல் அல்ல, பட்டடைக் கல் என்றார். கல் திருப்பி அடிப்பதில்லை. ஆனால் கல் உறுதியாக இருந்தால், அதன்மேல் அடித்து அடித்துச் சுத்தியல்தான் தேயும்.

மூன்றாவது மறையுரை ஆகஸ்ட் 3 அன்று. அன்றைக்குத் திருப்பலியில் வாசித்த நற்செய்தி எது தெரியுமா? இன்று நாம் கேட்ட இதே பகுதி. எருசலேமைப் பார்த்து இயேசு அழுதது. தன்னைத் தேடி வந்த நாளை அறிந்துகொள்ளாத நகரத்துக்காக ஆண்டவர் விட்ட கண்ணீர். ஆயர் அந்தக் கண்ணீரில் தொடங்கினார்.

அதற்கு முன்பே, ஜூலை 28 அன்று, அவர் ஒரு காரியம் செய்திருந்தார். மரியன்தால் மனநல மருத்துவமனையிலிருந்து நோயாளிகளை ஏற்றிச் செல்லப் பட்டியல் தயாராகிறது என்று தெரிந்ததும், கொலை நடக்கப்போகிறது என்று அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் புகார் கொடுத்தார். கொலைத் திட்டம் தெரிந்தும் சொல்லாதவன் குற்றவாளி என்று ஜெர்மன் தண்டனைச் சட்டமே சொல்கிறது, அந்தச் சட்டப்படி என் கடமையைச் செய்கிறேன் என்றார். சட்டத்தை மதிக்கிறவன் அந்தச் சட்டப் புத்தகத்தையே எடுத்து ஆட்சியாளர் முன் விரித்தால் என்ன ஆகும்! பதில் வரவில்லை. எனவே அதையும் பீடத்திலிருந்து மக்களிடம் சொன்னார். கொலைக் குற்றத்துக்கான பிரிவு எண்ணையும் சேர்த்துச் சொன்னார்.

பிறகு ஒரு விவசாயியைப் பற்றிப் பேசினார். 55 வயது மனிதர், மனம் கொஞ்சம் தடுமாறியதால் மரியன்தாலில் சேர்க்கப்பட்டவர். சொந்தக்காரர்கள் வந்தால் முகம் மலரும். இரண்டு வாரத்துக்கு முன் மனைவி வந்தார். போர்முனையிலிருந்து விடுப்பில் வந்த மகனும் வந்தான். அப்பாமேல் உயிரையே வைத்திருந்த மகன். விடைபெறும்போது இருவருக்கும் தாங்கவில்லை, போருக்குப் போகிறவன் திரும்பி வருவானோ மாட்டானோ என்று. இனி அந்த மகன் பிழைத்து வந்தாலும் அப்பாவைப் பார்க்க மாட்டான் என்றார் ஆயர். நாட்டுக்காகக் குண்டுக்கு முன்னால் அவன் நிற்கிறான், பின்னால் அந்த நாடு அவன் அப்பாவைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஓடாத பழைய இயந்திரத்தை உடைத்துப் போடுகிறோம், நொண்டிக் குதிரையையும் கறவை வற்றிய மாட்டையும் கொன்றுவிடுகிறோம். மனிதனும் அப்படித்தானா என்று கேட்டார். உழைக்கிறவரைதான் உயிருக்கு உரிமை என்றால், கிழவர்களாகும்போது நம் எல்லோருக்கும் என்ன கதி, கை கால் இழந்து வரும் போர் வீரனுக்கு என்ன கதி என்று கேட்டார். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாரே, அந்தப் படிவத்தில் உங்களுக்கு எதிரே என்ன குறி விழுந்திருக்கும்?

தட்டச்சு இயந்திரங்களில் கார்பன் தாள் வைத்து அந்த மறையுரையை மக்கள் படியெடுத்தார்கள். கை மாறிக் கை மாறி நாடு முழுவதும் போனது. போர்முனைக்கும் போனது. பிரிட்டிஷ் விமானங்கள் அதைத் துண்டறிக்கையாக மேலிருந்து போட்டன. ஆயரைத் தூக்கில் போட வேண்டும் என்று கட்சிக்குள் எழுதினார்கள். தூக்கில் போட்டால் இந்தப் போர் முடியும்வரை முன்ஸ்டர் மக்களை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் தயங்கினார். வெற்றிக்குப் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஹிட்லர் தள்ளிவைத்தார். ஆகஸ்ட் 24 அன்று அந்தப் பேருந்துத் திட்டத்தை நிறுத்தவும் உத்தரவிட்டார். ஒரு மறையுரைதான் அதை நிறுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். நிறுத்தியதாகச் சொன்ன பிறகும் ஊசியாலும் பட்டினியாலும் கொலை தொடர்ந்தது. போர் முடிவதற்குள் மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

ஆயரைத் தொடவில்லை. அவர் பேச்சைப் பரப்பியவர்களைத் தொட்டார்கள். லூபெக் நகரில் பிராஸ்ஸெக், முல்லர், லாங்கே என்று மூன்று இளம் கத்தோலிக்கக் குருக்கள். ஸ்டெல்பிரிங்க் என்ற லூத்தரன் போதகர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அவர் முன்பு ஹிட்லரின் நாத்சிக் கட்சியிலேயே உறுப்பினராக இருந்தவர். காலனின் மறையுரைகளைப் பரப்பியதும் நால்வர் மீதான குற்றங்களில் ஒன்று. 1943 நவம்பர் 10 அன்று, இதே நவம்பரில், ஹாம்பர்க் சிறையில் சில நிமிட இடைவெளியில் நால்வர் தலையையும் வெட்டினார்கள். கல் தேயாமல் நின்றது என்று நாம் பெருமைப்படும்போது, பொறி தெறித்து எரிந்துபோனவர்கள் இவர்கள் என்பதையும் நினைக்க வேண்டும்.

இனி, அவர் நிற்காமல் போன இடம்.

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுக்க யூதர்களின் செபக்கூடங்கள் எரிந்தன. முன்ஸ்டரிலும் எரிந்தது. காலன் பொதுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூன்று மறையுரைகள் முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1941 டிசம்பர் 13 அன்று முன்ஸ்டரிலிருந்து யூதர்களை ஏற்றிக்கொண்டு ரீகாவுக்கு ரயில் போனது. அப்போதும் பீடம் பேசவில்லை. சோவியத் ரஷ்யாமேல் ஹிட்லர் நடத்திய போரைக் கடவுளை மறுக்கிறவர்களுக்கு எதிரான போர் என்று அவர் ஆதரிக்கவும் செய்தார். அந்தப் போரின் முதுகுக்குப் பின்னால்தான் யூதர்களைக் குழி வெட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேசியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று அவருக்காகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பேசியவர் ஒருவர் இருக்கிறாரே! பெர்லினில் லிஷ்டன்பெர்க் என்ற குரு. செபக்கூடங்கள் எரிந்த நாளிலிருந்து, பேராலயத்தில் மாலைச் செபத்தில் யூதர்களுக்காக வெளிப்படையாக வேண்டிக்கொண்டு வந்தார். காலனின் மறையுரையைப் படித்ததும் நோயாளிகள் கொலையைக் கண்டித்து அரசுக்கு அவரும் கடிதம் எழுதினார். பிடித்துப் போனார்கள். 1943 நவம்பர் 5 அன்று டாஹௌ முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். அவரும் பழமையில் ஊறிய கத்தோலிக்கர்தான். ஆகவே காலனின் மௌனத்துக்குப் பழமையைக் காரணம் காட்ட முடியாது.

எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. கொலை செய்யாதே என்ற கட்டளையை மனிதன் எழுதவில்லை, ஆகவே மனிதன் அழிக்கவும் முடியாது. இதை ஒரு பழமைவாதியைவிட உறுதியாகப் பிடித்துக்கொள்ள யாராலும் முடியாது. எந்தக் கட்சியும், எந்தப் பெரும்பான்மையும், எந்தத் தலைவரும் அதைத் தொட முடியாது. காலனின் பலம் அது. ஆனால் உண்மை நம் வீட்டுப் பத்திரம் என்று நினைத்துவிட்டால், நம் மடங்கள், நம் பள்ளிகள், நம் சிலுவைகள், நம் நோயாளிகள் என்ற வேலிக்குள்ளேதான் அது உண்மை. வேலிக்கு அப்பால் எரிவது வேறு யாருடைய வீடோ. நம் ஆள் ஒரு பொய்யை வாட்ஸப்பில் அனுப்பினால் நாம் திருத்துகிறோமா? அடுத்தவர் அனுப்பினால் மட்டும்தானே திருத்துகிறோம்?

லம்பேர்ட்டி கோவில் கோபுரத்தில் மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்குகின்றன. 1534-ல் ஒரு கூட்டத்தார் கடவுளின் அரசை வாளால் நிறுவுவதாகச் சொல்லி அந்த நகரத்தையே பிடித்தார்கள். மறுத்தவர்களை விரட்டினார்கள், கொன்றார்கள். அன்றைய ஆயர் படை திரட்டி வந்து மறுவருடம் நகரத்தை மீட்டார். 1536 ஜனவரியில் தலைவர்கள் மூவரைச் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை அந்தக் கூண்டுகளில் தொங்கவிட்டார்கள். காலன் பேசியபோது அவை கோபுரத்தில்தான் இருந்தன. மத்தத்தியாவின் வாள் இருக்கிறதே, பீடத்தின் அருகிலேயே தன் இனத்தான் ஒருவனை வெட்டிய வாள், அது இந்த வாசகத்தில் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூண்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன. மத்தத்தியா மறுத்ததை நான் வணங்குகிறேன். அதன் பிறகு அவர் செய்ததை, திருப்பலி ஒழுங்கு நமக்கு ஒரு கண்ணீரோடு சேர்த்தே வாசிக்கத் தருகிறது. தன்னைக் கொல்லப்போகிற நகரத்துக்காக, தன்னை ஏற்காத மக்களுக்காக, வேலிக்கு வெளியே நின்று அழுகிறவர் அங்கே இருக்கிறார்.

காலன் 1946 பிப்ரவரியில் கர்தினால் ஆனார். மார்ச் 16, தன் பிறந்த நாளில், ரோமிலிருந்து ஊர் திரும்பினார். இடிந்த பேராலயத்தின் முன் பெருங்கூட்டம் வரவேற்றது. ஆறு நாளில் இறந்துபோனார். குடல்வால் வெடித்து. இந்த முறை அது உண்மையான காரணம். 2005 அக்டோபரில் திருச்சபை அவரை அருளாளர் என்று அறிவித்தது. அவரிடம் வேண்டிக்கொள்ளலாம், தடையில்லை. நான் வேண்டிக்கொள்கிறேன், குறிப்பாகப் பேச வேண்டிய இடத்தில் வாய் வராதபோது.

ஏழரை பஸ் போயிருக்கும். மன்னியுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. இது உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம். வாசலில் பெட்டி வைத்திருக்கிறோம், உங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிப் போடுகிறீர்கள், தினமும் பீடத்தில் வைத்து ஒப்புக்கொடுக்கிறோம். போன வாரம் ஓர் அம்மா என்னிடம் வந்து, அடுத்த வீட்டுக்காரி இறந்துபோனாள் சாமி, நம்ம வேதம் இல்லை, என் பிள்ளைகளை வளர்த்தவள், அவள் பெயரையும் போடலாமா என்று கேட்டார். பூசைக்கு நேரமாகிவிட்டது, பார்க்கலாம் அம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த அம்மா இன்றைக்கும் வந்திருக்கிறார், மூன்றாவது தூண் பக்கத்தில். போடுங்கள் அம்மா. சீட்டும் பேனாவும் பெட்டிமேல் இருக்கின்றன.